சத்தத்துக்கு நடுவே ஒரு சொல்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த தடுமாற்றங்களை எடுத்துவிட்டு, கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். ஒரே ஒரு இடத்தை மட்டும் திருத்தவில்லை. ஏன் என்று கடைசியில் தெரியும்.)



இன்றைக்கு ஒரு மன்னிப்போடு ஆரம்பிக்கணும். போன சீசனில் விசைத்தறி பற்றி ஒரு எபிசோட் போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கலாம். பள்ளிபாளையத்தில் என் பெரியப்பாவின் தறிக்குடோனுக்குள்ளேயே உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணியது. ஐப்பசி மாதம், வெளியே மழை, உள்ளே எட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. போனில் இருந்த டெசிபல் ஆப் 98 காட்டியது. நான் கத்திக் கேள்வி கேட்டேன், பெரியப்பா கத்திப் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஃபைலைப் போட்டுக் கேட்டால் தறிதான் பேசுகிறது. பெரியப்பா எங்கேயோ பின்னால் இருக்கிறார். என்ன பண்ணேன்? நாம எல்லாரும் பண்றதைத்தான். சத்தத்தை நீக்கித் தரும் ஒரு ஏஐ டூலில் ஏற்றினேன். இரண்டே நிமிடம். எட்டுத் தறியும் காணாமல் போச்சு. ஏதோ ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பெரியப்பா பேசினார். எனக்கு ஒரே சந்தோஷம்.

எபிசோட் வெளியான அன்று ராத்திரி அண்ணன் போன் பண்ணினார். பெரியப்பாவின் மகன். "ஏன் தம்பி, அப்பா ஐப்பசியிலயே தறிய வித்துட்டாரா? எங்ககிட்ட தை மாசந்தானே சொன்னாரு?"

நான் திரும்பப் போட்டுக் கேட்டேன். சுத்தம் பண்ணிய ஆடியோவில் தெளிவாக இருக்கிறது: "மனசுக்குள்ள எப்பவோ வித்துட்டேன்." பிறகு பழைய ஃபைலை, தறிச் சத்தத்தோடு கேட்டேன். பத்து முறை, இருபது முறை. அது "வித்துட்டேன்" ஆகவும் இருக்கலாம், "விட்டுட்டேன்" ஆகவும் இருக்கலாம். "மனசுக்குள்ள" என்று நான் நினைத்ததும் அங்கே சரியாகக் கேட்கவில்லை. பெரியப்பா எதைச் சொன்னார் என்று அந்த ஃபைலுக்கே தெரியாது. டூலுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது!

விற்றுவிட்டேன், விட்டுவிட்டேன். ஒரு மெய்யெழுத்து வித்தியாசம். ஆனால் ஒரு வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றுபோக அது போதும்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. சாஃப்ட்வேர் எதுவும் இல்லாத காலத்தில், பயங்கரமான சத்தத்துக்கு நடுவே ஒருத்தர் பேசுவதைத் தெளிவாகப் பிடிக்க மனுஷங்க என்ன பண்ணாங்க? தேடிப் படிக்கப் படிக்க, அவர்கள் நம்மைவிட ரொம்ப நிதானமானவர்கள் என்று தெரிந்தது. அந்தக் கதைதான் இன்றைய எபிசோட்.

முதலில் தொலைந்துபோவது மெய்

ஒரு சின்னச் சோதனை. ஓடுகிற பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து ஒருத்தர் "கட்டு", "பட்டு", "தட்டு" என்று மூன்று சொல் கத்துகிறார். உங்களுக்கு என்ன கேட்கும்? மூன்று தடவை "அட்டு" மாதிரிதான் கேட்கும்.

காரணம் எளிமையானது. உயிரொலிகள் வலுவானவை. தொண்டையிலிருந்து வரும் காற்று தடையில்லாமல் வாய் வழியாக வருகிறது, அதில் சக்தி அதிகம், அதுவும் பெரும்பாலும் குறைந்த அதிர்வெண்களில். க, ப, த, ட, ச போன்றவை நாக்கும் உதடும் ஒரு கணம் காற்றை அடைத்துத் திறப்பதால் வருபவை. ரொம்ப மெலிசு, ரொம்பக் குட்டி. "த்த" வா "ட்ட" வா என்று காதுக்குக் காட்டிக்கொடுக்கும் தடயம் ஒரு விநாடியில் சில நூறில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். சக்தி உயிரில் இருக்கிறது, அர்த்தத்தில் பெரும்பங்கு மெய்யில் இருக்கிறது. சத்தம் வந்தால் முதலில் மூழ்குவது மெய்தான்.

இதை அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்காரர்கள். டெலிபோன் கம்பெனி இல்லையா, அவர்களுக்கு இது பிழைப்பு. ஹார்வி ஃபிளெட்சர் என்ற இயற்பியலாளரின் குழு, டெலிபோன் வழியாக அர்த்தமே இல்லாத அசைகளைப் படிக்கச் சொல்லி, எதிர்முனையில் எழுத வைத்தது. ஏன் அர்த்தமில்லாத அசை? நிஜமான சொல்லாக இருந்தால் கேட்கிறவர் ஊகித்துவிடுவார். "சாப்பிட்டாச்..." என்றாலே மிச்சத்தை மூளை நிரப்பிவிடும். அவர்களுக்கு வேண்டியது காது எவ்வளவு கேட்டது என்பது, மூளை எவ்வளவு ஊகித்தது என்பது இல்லை. கேட்டதையும் ஊகித்ததையும் பிரிக்கணும் என்று நூறு வருஷத்துக்கு முன்னாடியே யோசித்திருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இன்னொரு சிக்கல், பேசுகிறவர் பக்கம். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1900-களின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார். காதில் சத்தத்தைக் கொடுத்தால், பேசுகிறவர் தன்னை அறியாமலேயே குரலை உயர்த்துகிறார். சத்தம் நின்றால் குரலும் இறங்குகிறது. இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் சட்டென்று நிற்கும்போது, யாரோ ஒரு மாமா கத்திச் சொல்லிக்கொண்டிருந்த ரகசியம் மண்டபத்துக்கே கேட்குமே, அதுதான். ஆனால் கத்தும்போது பெரும்பாலும் உயிர்தான் பெரிதாகிறது. மெய் அதே அளவுக்குப் பெரிதாவதில்லை.

25,000 அடி உயரத்தில் ஒரு தொண்டை

இந்தப் பிரச்சினை உயிர்போகிற பிரச்சினையாக மாறியது இரண்டாம் உலகப் போரில்.

பி-17 மாதிரியான குண்டுவீச்சு விமானத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு பிஸ்டன் என்ஜின்கள். காற்றழுத்தம் கட்டிய கேபின் கிடையாது. பத்துப் பேர் ஆளுக்கொரு மூலையில், ஆக்ஸிஜன் முகமூடியோடு. ஒருத்தர் "எதிரி விமானம், இடது பக்கம்" என்று சொன்னால் இன்னொருத்தருக்குச் சரியாகக் கேட்கணும். இன்டர்காம்தான் ஒரே வழி.

1940-இன் கடைசியில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இதற்காகவே ஆய்வகங்கள் தொடங்கின. எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் தலைமையில் மனமும் காதும் பற்றி ஒன்று, லியோ பெரானெக் தலைமையில் ஒலிப் பொறியியலுக்கு ஒன்று. ஸ்டீவன்ஸ் குழுவின் ஆரம்பகாலச் சோதனை ஒன்று கொஞ்சம் கொடுமையானது. இளைஞர்களை ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் 115 டெசிபல் சத்தத்துக்குள் உட்காரவைத்து வேலை கொடுத்தார்கள். கை நடுங்குமா, கவனம் சிதறுமா என்று பார்க்கத்தான். பெரிய பாதிப்பு இல்லை. மனிதன் சத்தத்துக்குள் வேலை செய்துவிடுகிறான். அவனால் முடியாதது, பக்கத்தில் இருப்பவன் சொல்வதைப் புரிந்துகொள்வது. அதனால் ஆராய்ச்சி பேச்சின் பக்கம் திரும்பியது.

அந்தக் காலத்தின் புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பு தொண்டை மைக். இரண்டு சின்னப் பொத்தான்கள், ஒரு எலாஸ்டிக் பட்டை, குரல்வளையின் இரு பக்கமும் அழுத்திக் கட்டிக்கொள்ள வேண்டியது. ஜெர்மன் டாங்கி வீரர்களிடமும் இருந்தது, அமெரிக்க விமானப்படையிலும் இருந்தது. யோசனை அருமை: காற்றில் வரும் சத்தத்தைக் கேட்காதே, தோலில் வரும் அதிர்வை மட்டும் கேள். என்ஜின் சத்தம் பெரும்பகுதி போய்விட்டது. கையும் சும்மா இருக்கும்.

ஆனால் இப்போது உங்களுக்கே பிரச்சினை தெரிந்திருக்கும். தொண்டையில் பிறப்பது குரல். மெய் பிறப்பது நாக்கிலும் பல்லிலும் உதட்டிலும். தொண்டை மைக்குக்கு ச-வும் ப-வும் த-வும் சரியாக எட்டவே எட்டாது. சத்தம் இல்லை, குரல் இருக்கிறது, சொல் இல்லை! காதுக்கு இதமாக இருப்பது வேறு, புரிவது வேறு. எனக்கு நடந்ததும் இதுதானே.

அதனால் மைக் மறுபடி வாய்க்கு வந்தது. விமானத்தில் முகமூடிக்குள்ளேயே வைத்தார்கள். தரைப்படைக்கு மேலுதட்டில் மாட்டிக்கொள்ளும் ஒரு குட்டி மைக் வந்தது. எலெக்ட்ரோ-வாய்ஸ் கம்பெனி செய்த டி-45. அதில் ஒரு தந்திரம் இருந்தது. மைக்குக்குள் இருக்கும் தகட்டின் முன்பக்கமும் திறந்திருக்கும், பின்பக்கமும் திறந்திருக்கும். தூரத்திலிருந்து வரும் டாங்கிச் சத்தம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் அழுத்தும், அதனால் தகடு அசையாது. வாய் ஒரு விரல்கடை தூரத்தில் இருப்பதால் முன்பக்கம் பலமாகவும் பின்பக்கம் பலவீனமாகவும் விழும், தகடு அசையும். கணக்குப் போட ஒரு சிப் கிடையாது. ரெண்டு ஓட்டை, அவ்வளவுதான்.

பிபிசி 1930-களிலேயே இதே திசையில் போயிருந்தது. மைதானக் கூச்சலுக்கு நடுவே வர்ணனை செய்பவர்களுக்காக, ரிப்பன் வைத்த உதட்டு மைக் ஒன்றை வடிவமைத்தார்கள். அதன் வாரிசான கோல்ஸ் 4104-ஐ ஃபுட்பால் வர்ணனையாளர் கையில் நீங்கள் பார்த்திருக்கலாம். மேலே ஒரு கம்பி இருக்கும், அதை மேலுதட்டில் ஒட்டி வைத்துத்தான் பேசணும். அப்போது வாய்க்கும் ரிப்பனுக்கும் நடுவே சரியாக ஐந்து சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும். இந்த வகை மைக்குக்கு ஒரு குணம் உண்டு. ரொம்பப் பக்கத்தில் பேசினால் அடித்தொனி அளவுக்கு மீறி வீங்கும். வடிவமைத்தவர்கள் அந்த வீக்கத்தைச் சரிசெய்ய அடித்தொனியை வெட்டினார்கள். பக்கத்துக் குரல் இயல்பாகிவிட்டது. தூரத்துக் கூச்சலுக்கு வீக்கமே கிடையாது, ஆனால் வெட்டு மட்டும் விழுகிறது. ஒரு குறையையே ஆயுதமாக்கிட்டாங்க.

ஹார்வர்டில் இன்னொரு விநோதமும் நடந்தது. ஜே.சி.ஆர். லிக்லைடர் என்ற இளைஞர், பேச்சு அலையின் உச்சிகளை எல்லாம் கத்தரித்துப் பார்த்தார். கொஞ்சம் இல்லை, கிட்டத்தட்ட முழுசாக. மேடும் பள்ளமுமாக இருந்த அலை, மேலே அல்லது கீழே என்ற இரண்டே நிலை உள்ள சதுர அலையாக ஆகிவிட்டது. கேட்க அசிங்கமாக, கரகரவென்று இருந்தது. ஆனால் சொற்கள் பெரும்பாலும் புரிந்தன. உச்சியில் இருந்தது உயிர். அதை வெட்டிவிட்டு மொத்தத்தையும் பெரிதாக்கினால், மெலிந்த மெய் உயிருக்குச் சமமாக மேலே வந்துவிடுகிறது. அழகைக் கொடுத்து அர்த்தத்தை வாங்கினார்கள். இந்த லிக்லைடர்தான் 1962-இல் அமெரிக்க ராணுவத்தின் ஆர்ப்பா நிறுவனத்தில் கணினி ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்று, பின்னால் இன்டர்நெட்டாக வளர்ந்த யோசனைக்கு விதை போட்டவர். அது வேறு எபிசோட்.

மைக்கை மாற்றியது போதாது என்று சொல்லையே மாற்றினார்கள். ஏ, பி, சி என்று சொன்னால் சத்தத்தில் பி-யும் டி-யும் ஒன்றுதான். அதனால் ஆல்ஃபா, பிராவோ, சார்லி. 1951-இல் ஏற்ற பட்டியலில் சி-க்கு கோகா, எம்-க்கு மெட்ரோ, என்-க்கு நெக்டர் இருந்தன. 31 நாட்டுக்காரர்களை வைத்துச் சோதித்துப் பார்த்து, குழப்பிய சொற்களைத் தூக்கிவிட்டு, 1956-இல் இப்போதிருக்கும் பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மீனம்பாக்கம் கட்டுப்பாட்டு அறையில் இன்றைக்கும் ஒன்பதை "நைனர்" என்றுதான் சொல்ல வேண்டும். சத்தத்தில் ஐந்தோடு குழம்பக் கூடாது என்பதற்காக.

கவனிச்சீங்களா? இதுவரை சொன்ன யாருமே, ரெக்கார்ட் ஆன பிறகு சத்தத்தை எடுக்கலாம் என்று நினைக்கவில்லை. மைக்கை நெருக்கினார்கள், சொல்லைத் தேர்ந்தார்கள். எல்லா வேலையும் ஒலி பதிவாவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

ஆரஞ்சு நிறப் பெட்டியின் கதை

இனி, எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர். டேவிட் வாரன், ஆஸ்திரேலியர். மெல்போர்னில் இருந்த விமான ஆய்வகத்தில் எரிபொருள் பற்றி ஆராய்ந்த வேதியியலாளர். அவருக்கு ஒன்பது வயதிருக்கும்போது, 1934-இல், அப்பா பயணம் செய்த விமானம் பாஸ் நீரிணையில் காணாமல் போனது. அப்பா கடைசியாகக் கொடுத்த பரிசு ஒரு கிரிஸ்டல் ரேடியோ. பையன் அதிலிருந்துதான் எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம் ஆனான்.

1950-களின் தொடக்கத்தில் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. அதில் ஒன்று நம்ம ஊர்ப் பக்கம். 1953 மே 2, கல்கத்தா டம்டம்மிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் இடிமழைக்குள் உடைந்து விழுந்து, 43 பேரும் இறந்தார்கள். காமெட் விபத்துகள் பற்றிய ஆலோசனையில் வாரனும் உட்கார்ந்திருந்தார். ஆளுக்கொரு ஊகம். உயிர் பிழைத்த சாட்சி யாரும் இல்லை. அப்போது அவருக்கு, ஒரு வர்த்தகக் கண்காட்சியில் பார்த்து ஆசைப்பட்ட மினிஃபோன் என்ற ஜெர்மன் பாக்கெட் ரெக்கார்டர் ஞாபகம் வந்தது. கம்பியில் பதிவு செய்யும் கருவி. பைலட்டுகள் கடைசியில் என்ன பேசினார்கள் என்று அப்படி ஒன்றில் பதிவாகியிருந்தால்?

1954-இல் அறிக்கை எழுதினார். யாரும் அசையவில்லை. சோதனைக் கருவியைச் செய்தே காட்டினார். இரும்புக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சு, கூடவே விமானக் கருவிகளின் அளவுகள். பழையது அழிந்து புதியது மேலே ஏறிக்கொண்டே இருக்கும். விமானப்படை வேண்டாம் என்றது. பைலட் சங்கம், எங்களை ஒட்டுக்கேட்க வந்த உளவாளி என்றது. 1958-இல் அந்தப் பக்கம் வந்த பிரிட்டிஷ் விமானப் பதிவு வாரியச் செயலாளர் சர் ராபர்ட் ஹார்டிங்ஹாம்தான் அதன் மதிப்பைக் கண்டுகொண்டார். பிறகு 1960 ஜூன் 10 அன்று குவீன்ஸ்லாந்தின் மக்கே நகரருகே ஒரு ஃபாக்கர் விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்தார்கள், காரணமே தெரியவில்லை. விசாரணை நடத்திய நீதிபதி குரல் பதிவுக் கருவியைப் பரிந்துரைத்தார். விமானி அறையில் அதைக் கட்டாயமாக்கிய முதல் நாடு ஆஸ்திரேலியா. வாரன் 2010-இல் இறந்தபோது அவர் சவப்பெட்டியில் எழுதியிருந்தது: விமானப் பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தவர், திறக்காதீர்.

இப்போது நம்ம பிரச்சினைக்கு வருவோம். காக்பிட் சத்தமான இடம். கூரைப் பலகையில் இருக்கும் பொது மைக்கில் காற்றின் இரைச்சலும் என்ஜினும் அலாரமும் எல்லாமும் சேர்ந்து விழும். அதில் பேச்சு மூழ்கிவிடும் என்பது ஆரம்பத்திலிருந்தே தெரிந்த குறை. தீர்வு என்ன தெரியுமா? பொது மைக்கைச் சுத்தம் பண்ணவில்லை. ஒவ்வொரு பைலட்டின் வாயருகே இருக்கும் ஹெட்செட் மைக்கையும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்தார்கள். மொத்தம் நான்கு தடம். கேப்டனுக்கு ஒன்று, துணை விமானிக்கு ஒன்று, கூடுதல் இருக்கைக்கு ஒன்று, அறைக்கு ஒன்று. பேச்சு வேண்டுமா, வாய்த் தடத்தைக் கேள். இடம் வேண்டுமா, அறைத் தடத்தைக் கேள். எதையும் எதற்காகவும் அழிக்காதே.

ஏன் அறைத் தடம் வேண்டும்? யுஎஸ் ஏர் 427. 1994 செப்டம்பர் 8, பிட்ஸ்பர்க் அருகே ஒரு போயிங் 737 சட்டென்று புரண்டு விழுந்தது. 132 பேரும் இறந்தார்கள். சுக்கான் இயந்திரம் சிக்கிக்கொண்டதா, துணை விமானி பதறித் தவறான பெடலை மிதித்தாரா? இதுதான் கேள்வி. ஒரு பக்கம் இயந்திரத்தின் மேல் பழி, இன்னொரு பக்கம் இறந்துபோன ஒரு மனிதர் மேல் பழி.

பதிவில் மங்கலாகச் சில "தொப்" சத்தங்கள் இருந்தன. என்ன அது? விசாரணையாளர்கள் நிஜமாகவே ஒரு 727-ஐப் பறக்கவிட்டு, அதன் பின்னால் சுழலும் காற்றுக்குள் ஒரு 737-ஐ ஓட்டி, உள்ளே பதிவு செய்து பார்த்தார்கள். அதே சத்தம் வந்தது. முன்னால் போன விமானத்தின் காற்றுச் சுழல் உடம்பில் மோதிய ஒலி. அடுத்து, துணை விமானியின் முக்கலும் மூச்சும். சொல் இல்லை, வெறும் முக்கல். அதை ஆராய்ந்து, அவர் அசையாத எதையோ முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்தார் என்ற முடிவுக்கு வந்தார்கள். நாலரை வருஷத்துக்குப் பிறகு, 1999-இல் வந்த அறிக்கை, சுக்கானை இயக்கும் வால்வு சிக்கிக்கொண்டு, மிதித்த திசைக்கு எதிராகத் திரும்பியிருக்கக் கூடும் என்றது. 737-களின் சுக்கான் அமைப்பு மாற்றப்பட்டது.

இப்போது அந்த ஃபைலை நான் பயன்படுத்திய டூலில் போடுவதாக நினைத்துப் பாருங்கள். "தொப்" போயிருக்கும். முக்கலும் போயிருக்கும். இரண்டுமே பேச்சு இல்லையே!

நம்ம நாட்டுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 1985 ஜூன் 23, ஏர் இந்தியா 182, கனிஷ்கா. அயர்லாந்து அருகே அட்லாண்டிக்கில் 329 பேரோடு மூழ்கியது. சுமார் 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த பதிவுகளை பம்பாயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஆராய்ந்தார்கள். பேச்சில் பதற்றமே இல்லை, எல்லாம் வழக்கம்போல். கடைசியில் ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. இந்தியா, பிரிட்டன், கனடா நிபுணர்கள் அந்த ஒரு கணத்து ஒலியை வைத்துத்தான் வாதிட்டார்கள். அங்கே சொல்லில் சாட்சியம் இல்லை, சத்தத்தில்தான் இருந்தது.

நட்சத்திரக் குறி

அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பு இந்தப் பதிவுகளை எழுத்தாக்கும் முறைதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஒருத்தர் தனியாக உட்கார்ந்து எழுதுவதில்லை. விமான கம்பெனி, பைலட் சங்கம், தயாரிப்பாளர் எல்லாத் தரப்பும் ஒரே அறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். புரியாத சொல்லுக்கு ஒரு நட்சத்திரக் குறி. இப்படி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அடைப்புக்குறிக்குள். கெட்ட வார்த்தைக்கு வேறு ஒரு குறி. கேட்டது தனி, ஊகித்தது தனி. பெல் ஆய்வகம் அர்த்தமில்லாத அசையை வைத்துச் செய்ததும் இதுவேதான்.

சாஃப்ட்வேர் எங்கே வழி மாறியது? 1979-இல் ஸ்டீவன் போல் என்பவர் ஒரு வழி சொன்னார். யாரும் பேசாத இடத்தில் சத்தத்தின் அளவை எடுத்துவைத்துக்கொள், பேச்சு வரும்போது அதைக் கழி. அழகான கணிதம். கேட்க இதமானது, ஆனால் புரிகிற சொற்களின் எண்ணிக்கையை இந்த மாதிரி முறைகள் பெரிதாக உயர்த்தவில்லை. கழித்துக் கழித்து மெல்லிய மெய்யையும் சேர்த்துக் கழித்துவிடும். மிச்சம் இருப்பது கிளிங் கிளிங் என்று ஒரு மிதக்கும் ஒலி. இப்போது வரும் நியூரல் நெட்வொர்க்குகள் இன்னும் திறமையானவை. ஜான்-மார்க் வேலின் செய்த ஆர்என்நாய்ஸ் மாதிரியானவை, ஒலியை 22 பட்டைகளாகப் பிரித்து எதை விடலாம், எதைக் குறைக்கலாம் என்று கணத்துக்குக் கணம் முடிவு செய்கின்றன. அது வடிகட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. இன்னும் சில டூல்கள் வடிகட்டுவதே இல்லை. கிடைத்த குரலை வைத்துப் புதிதாகக் குரலை உருவாக்குகின்றன. ஓட்டை இருக்கும் இடத்தில், கற்றுக்கொண்ட பேச்சிலிருந்து எது பொருந்துமோ அதை நிரப்புகின்றன.

நானும் கோட் எழுதிப் பிழைக்கிறவன்தான். இதில் தப்பு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மீட்டிங்கில் நாய் குரைப்பதை எடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் அந்த டூல் ஒரு இடத்தில்கூட, "இங்கே எனக்குக் கேட்கவில்லை" என்று நட்சத்திரம் போடவில்லை. தெரியாததையும் தெரிந்ததையும் ஒரே குரலில், ஒரே தெளிவில் சொல்லிவிட்டது. அண்ணனுக்குக் கோபம் வந்தது பெரியப்பா சொன்ன சொல்லால் இல்லை, என் டூல் ஊகித்த சொல்லால்.

அடுத்த மாதம் பள்ளிபாளையம் போனேன். தறி எல்லாம் போய்விட்டது, குடோன் காலியாக எதிரொலித்தது. பெரியப்பாவுக்கு நாற்பது வருஷத் தறியில் காது மங்கிவிட்டது, பக்கத்தில் போய்த்தான் பேசணும். அன்றைக்கு வித்துட்டேன்னு சொன்னீங்களா, விட்டுட்டேன்னு சொன்னீங்களா என்று கேட்டேன்.

"அந்தச் சத்தத்துல நா என்ன பேசுனேன்னு எனக்கே கேக்காது கண்ணு," என்றார்.

அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

பழைய எபிசோடை எடுத்துவிட்டேன். தறிச் சத்தத்தோடு அசல் ஃபைலையே ஏற்றியிருக்கிறேன், கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஹெட்போன் போட்டுக்கோங்க. இனி சத்தமான இடத்துக்குப் போனால் இரண்டு மைக் கொண்டுபோவேன். ஒன்று பேசுகிறவர் தாடைக்குக் கீழே, ஒரு சாண் தூரத்துக்குள். இன்னொன்று அறைக்கு. நாலு தடம் வாங்க எனக்கு வசதி இல்லை, இரண்டு போதும்.

அந்த எபிசோடின் எழுத்து வடிவத்தில் பெரியப்பாவின் அந்த வரியை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன். திருத்தாமல் விட்டேன் என்று மேலே சொன்னேனே, அந்த இடம்:

"(மனசுக்குள்ள) எப்பவோ *."

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.